ஆந்தாலஜி: பூப்பறித்தலும் தொகைப்படமும்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் இருக்கிறார். தொலைக்காட்சியில் ஒரு படத்தின் பெயருக்குக் கீழே ‘ஆந்தாலஜி’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் என்னை நிறுத்திக் கேட்டார்: “சைக்காலஜி தெரியும், ஜியாலஜி தெரியும். இது எதைப் பற்றிய படிப்பு, தம்பி?” சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

சொல் கிரேக்கத்தினுடையது. ‘ஆந்தோஸ்’ என்றால் மலர்; ‘லெகெய்ன்’ என்றால் பொறுக்கித் திரட்டுதல். இரண்டும் சேர்ந்தால் பூப்பறித்தல். சைக்காலஜியின் வாலும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆனால் அங்கே அது பேச்சு, ஆய்வு என்று வேறு திசையில் போய்விட்டது. ஆந்தாலஜி மட்டும் பூக்கூடையை இன்னும் கையில் வைத்திருக்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டுவாக்கில், இன்றைய ஜோர்டானில் உள்ள கதாரா என்ற ஊரைச் சேர்ந்த மெலியாகர் என்ற கவிஞர், பல கவிஞர்களின் குறும்பாடல்களைத் திரட்டி ஒரு நூலாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்தெபானோஸ்’, அதாவது மாலை. (ஸ்டீபன், ஸ்தேவான் என்ற பெயர்களெல்லாம் இந்த மாலையிலிருந்து வந்தவைதான்.) நூலின் முகப்புப் பாடலில் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு பூவை ஒதுக்குகிறார். பெண்கவிஞர் சாஃபோவின் பாடல்கள் கொஞ்சம்தான், ஆனால் அவை ரோஜாக்கள் என்கிறார். பறிப்பது, தேர்வது, தொடுப்பது என்ற மூன்று வேலையும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கின்றன. கையில் அகப்பட்டதையெல்லாம் கூடையில் போடுவது இதில் சேராது.

இந்தச் சொல் சினிமாவுக்கு வந்தது வெகு பின்னால். பல கதைகளை ஒரே படத்தில் வைப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர்களும் உண்டு. இரண்டு அறைகள் கொண்ட பயணப்பெட்டியின் பெயரால் போர்ட்மான்டோ படம் என்றார்கள். ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லை எடுத்து ஆம்னிபஸ் படம் என்றும் சொன்னார்கள். கோயம்பேட்டில் நாம் தேடி ஏறிய ஆம்னி பஸ்ஸின் பெயரும் அதே சொல்தான்.

பொருளைப் பிடித்துக்கொள்ள ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. என் கைக்கு முதலில் வருவது சத்யஜித் ரேயின் ‘தீன் கன்யா’, அதாவது மூன்று மகள்கள். தாகூரின் பிறந்த நூற்றாண்டான 1961இல் வெளியான வங்காளப் படம். தாகூரின் மூன்று சிறுகதைகள், ஏறத்தாழ மூன்று மணி நேரம். தன் படத்துக்கு ரே தாமே இசையமைக்கத் தொடங்கியதும் இதிலிருந்துதான்.

‘போஸ்ட்மாஸ்டர்’ கதையில், கல்கத்தாவிலிருந்து குக்கிராமத்துக்கு வேலைக்கு வரும் இளைஞனுக்கு ரதன் என்ற அநாதைச் சிறுமி வீட்டுவேலை செய்கிறாள். அவன் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். ‘மணிஹாரா’ நகைப்பித்துக் கொண்ட ஒரு மனைவியின் பேய்க்கதை. ‘சமாப்தி’யில் அபர்ணா சென் அறிமுகமானார்; கல்யாண இரவில் மரத்தின் வழியே இறங்கி ஓடிப்போய் ஆற்றங்கரை ஊஞ்சலில் படுத்துத் தூங்கும் துடுக்குப் பெண் அவர்.

மணிஹாரா என்ற பெயரைத் தமிழ்க் கண் மணிஹாரம், மணிமாலை என்றுதான் படிக்கும். நானும் வெகுகாலம் அப்படித்தான் படித்தேன். வங்காளத்தில் ‘ஹாரா’ என்றால் இழந்த. மணியை இழந்தவன் என்பது பொருள். கதையில் மனைவியின் பெயரே மணிமாலிகா. நகையும் மனைவியும் ஒரே சொல்லில் தொலைகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். 2020, 2021 வாக்கில் ஓடிடி தளங்களில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக வந்தபோது பத்திரிகைகள் ஆந்தாலஜி, ஆந்தலாஜி, அந்தாலஜி என்று ஆளுக்கொரு விதமாக எழுதின. தமிழில் சொல்ல முயன்றவர்கள் ‘தொகுப்புப் படம்’ என்றார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: படத்தொகுப்பு என்றால் நமக்கு எடிட்டிங். ‘தொகுப்புப் படத்தின் படத்தொகுப்பாளர்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தால் தெரியும். ‘குறும்படங்களின் திரட்டு’ என்பதும் ஒட்டவில்லை. அது திரைப்பட விழாவில் பிற்பகல் காட்சிக்கு வைக்கும் பெயர்போல இருக்கிறது.

கதம்பம் என்று சொன்னால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். கிரேக்கர்களின் பூக்கூடைக்கு அதைவிட நெருக்கமான சொல் இல்லைதான். மல்லிகைக்குப் பக்கத்தில் கனகாம்பரம், அதற்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து என்று பூக்காரம்மா விரலிடுக்கில் வைத்துக் கட்டும்போது, ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் உறவு கிடையாது. நார் ஒன்றுதான் உறவு. ஆனால் எழுத்தில் கதம்பம் என்றால் கலவை, எதுவும் இருக்கலாம் என்ற தொனி வந்துவிடுகிறது. வானொலி நிகழ்ச்சிக்குப் பொருந்தும்; மெலியாகரின் தேர்வுக்குப் பொருந்தாது.

நம்மிடம் இருக்கும் சொல் தொகை. எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த சொல். அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்றே இன்னொரு பெயர். அதன் மூன்று பகுதிகளில் ஒன்று மணிமிடை பவளம், மற்றொன்று நித்திலக்கோவை. அவர்கள் பூவைத் தொடுத்தார்கள். நாம் மணியையும் முத்தையும் கோத்தோம்.

பெயரோடு இலக்கணமும் இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனித்தனியாக நிற்கக்கூடிய பாடல்களை ஏதோ ஒன்றால் சேர்த்தது தொகைநிலை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போவது தொடர்நிலை. எதனால் சேர்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு: பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு. அளவால் சேர்த்ததற்குக் குறுந்தொகையையும், காலத்தால் சேர்த்ததற்குக் கார் நாற்பதையும், இடத்தால் சேர்த்ததற்குக் களவழி நாற்பதையும் காட்டுவார்கள். ஒருவரே பாடியதாகவும் இருக்கலாம், பலர் பாடியதாகவும் இருக்கலாம் என்றும் அந்த நூற்பாவே சொல்லிவிடுகிறது. சினிமா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய இலக்கணம் சினிமாவுக்கு இவ்வளவு பொருந்துவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது.

பொருத்திப் பார்ப்போம். ‘தீன் கன்யா’ ஒருவர் உரைத்த தொகை. பெண் என்ற பொருளால் சேர்ந்தது. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளைக் கொண்டு வசந்த் எடுத்த ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ பல்லோர் உரைத்த தொகை. சேர்க்கும் பொருள் அதே பெண்தான். 1952இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்றில் ஓ. ஹென்றியின் ஐந்து கதைகளை ஐந்து இயக்குநர்கள் எடுத்தார்கள். எழுதியவர் ஒருவர், எடுத்தவர்கள் ஐவர். அதற்கும் தொகையில் இடம் உண்டு.

தொடர்நிலைக்கும் தொகைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை வரலாறே ஒருமுறை சோதித்துக் காட்டியது. ‘தீன் கன்யா’ வெளிநாடுகளுக்குப் போனபோது நடுவிலிருந்த மணிஹாரா எடுக்கப்பட்டது. மூன்று மகள்கள், ‘இரு மகள்கள்’ என்ற ஆங்கிலப் பெயரோடு கப்பலேறினார்கள். பெயரில் இருந்த எண்ணைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே கதையாகப் போகும் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யிலிருந்து மூன்றில் ஒரு பங்கை இப்படி உருவிவிட முடியுமா?

ஆகவே தொகைப்படம் என்றே எழுதலாம். தொலைக்காட்சியில் பல பகுதிகளாக, பகுதிக்கொரு கதையாக வந்தால் கதைத்தொகை. ஒரே கதை வாரக்கணக்கில் நீண்டால் அது தொடர்தான்; அதைத் தொகை என்று சொல்லக் கூடாது.

கணக்காசிரியரிடம் இதைச் சொன்னேன். “தொகை என்றால் பணமல்லவா? பெரிய தொகை போட்டு எடுத்த படம் என்று நினைத்துக்கொள்வார்களே” என்றார். நினைத்தால் நினைக்கட்டும் சார், மக்கள்தொகையைப் பணம் என்று யாரும் நினைப்பதில்லையே என்றேன். அவர் சமாதானமாகவில்லை. அதனால் படத்தையே அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

போஸ்ட்மாஸ்டர் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். ரதனுக்குக் கொடுக்க ஒரு நாணயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு வருகிறாள். அவனைப் பார்க்காமலேயே கடந்து போகிறாள். புதிதாக வந்திருக்கும் பாபுவிடம் தண்ணீர் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் அவள் குரல் மட்டும் கேட்கிறது. நாணயம் அவன் கையிலேயே இருக்கிறது.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்த கதையைப் போடு” என்றார்.