தீவனம் மாறும் நாளில்தான் கவனம் வேண்டும்

கத்திரி வெயிலைக் கண்டு பயப்படும் மாட்டுக்காரர்கள், அதை அடுத்துப் பெய்யும் முதல் மழையைக் கண்டு பயப்படுவதில்லை. வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில், அறுத்துவிட்ட சோளக்கட்டை இரண்டு மழைக்குத் துளிர்த்துவிடும். மாதக்கணக்கில் காய்ந்த வைக்கோலையே மென்ற மாடு, கயிறு அவிழ்ந்தால் நேரே அங்கேதான் போகும். கால்மணி நேரம் மேய்ந்தாலே உயிருக்கு ஆபத்து.

இளஞ்சோளத்தில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. மாடு மென்றதும் ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிப்பட்டு இரத்தத்தில் கலக்கும். அப்போது இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாது. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், நுரை தள்ளும், தசை துடிக்கும், தள்ளாடி விழும். கண் இமையின் உட்பகுதியும் ஈறும் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். வயிறு உப்பசம் என்று நினைத்து எண்ணெயை வாயில் ஊற்றுபவர்கள் உண்டு. மூச்சுக்குத் திணறும் மாட்டுக்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். இதற்கு முறிவு மருந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். இரண்டையும் மருத்துவர்தான் இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். அதனால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ கூப்பிடும்போது, “மாடு விழுந்துவிட்டது” என்பதோடு நிறுத்தாமல் “சோளம் மேய்ந்தது” என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்தைக் கையோடு எடுத்துவர அந்த இரண்டு சொல் உதவும். கொல்லையில் நிற்கும் மற்ற மாடுகளையும் உடனே வெளியே ஓட்டிவிடுங்கள்.

சோளத்தைப் பூத்த பிறகு அறுத்துப் போடுவதே பாதுகாப்பு. முழங்கால் உயரப் பயிர் எப்போதும் கூடாது. தண்ணீரில்லாமல் குன்றிய பயிருக்கு வயது கூடியிருந்தாலும் நஞ்சு குறைந்திருக்காது, யூரியா அதிகம் போட்டிருந்தால் இன்னும் கூடும். பலமுறை அறுக்கும் கோ எஃப்எஸ் 29 என்ற தீவனச் சோள ரகம் போட்டவர்கள் முதல் அறுவடைக்கு 65 நாளும், அடுத்தடுத்த அறுவடைக்கு 50 நாளும் பொறுக்க வேண்டும். தீவனப் பஞ்சத்தில் 30 நாளிலேயே அரிவாளை எடுப்பதுதான் வினை. அறுத்ததை வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு பெருமளவு குறையும்.

நஞ்சில்லாத தீவனமும் திடீரென்று மாறினால் கெடுதல்தான். மாட்டின் பெருவயிறு ஓர் ஊறல் தொட்டி மாதிரி. அதில் வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு, அரிசி, சோளம் போன்ற மாவுப்பொருளைச் செரிக்கும் கூட்டம் வேறு. ஒரு தீவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். புதுத் தீவனத்தைக் கால் பங்கில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இன்னொரு கால் பங்கு கூட்டுங்கள்.

கோடையில் வேலை சுலபம், தண்ணீர்தான் முக்கியம். கறவை மாட்டுக்கு எந்நேரமும் நிழலில் தண்ணீர் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாலுக்கு மட்டுமே 4, 5 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். கலப்புத் தீவனத்தை விடியலிலும் இருட்டிய பிறகும் வையுங்கள். தகரக் கொட்டகையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள்.

மழைக்காலத்தில் ஏரிக்கரைப் புல்லில் நீர்தான் அதிகம், நார் குறைவு. காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் இரண்டு கிலோ வைக்கோல் தின்னவிட்டால் கழிச்சலும் உப்பசமும் குறையும். நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்தால் கொடி ஈரத்தோடே போராகிவிடும். உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கொடியையும் கட்டி தட்டிய புண்ணாக்கையும் “மாடுதானே” என்று போடாதீர்கள். அப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் காய்ச்சினாலும் போகாது. அதை வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள். சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

பிறகு தை. மாட்டுப் பொங்கலன்று அன்பால் வருகிற நோயைத்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு ஒரு வாளி பொங்கல், மிச்சச் சோறு, வடித்த கஞ்சி எல்லாம் ஒரே மாட்டின் வயிற்றில் போகும். கல்யாண வீட்டு மிச்சமும் இதே கதைதான். வெந்த அரிசி வயிற்றில் வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலமாகும். 6-க்கு மேல் இருக்க வேண்டிய கார அமில நிலை (pH) 5-க்கும் கீழே இறங்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தும். இடது வயிற்றை அழுத்தினால் பிசைந்த மாவு போல் அமுங்கும். புளித்த வாடையோடு சாணம் நீர்த்துப் போகும், கண் குழிவிழும். மறுநாளே படுத்துவிடலாம். பிழைத்த மாடும் சில வாரம் கழித்துக் குளம்பு வலியால் நொண்டக்கூடும்.

ஆகவே பொங்கலை ஒரு கைப்பிடி, வாழை இலையில் வைத்து ஊட்டுங்கள். சாஸ்திரத்துக்கு அது போதும். அதற்கு முன் வழக்கமான வைக்கோலைப் போட்டுவிடுங்கள். பாத்திரத்தை எட்டாத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு அண்டாவைக் காலி செய்த மாடுதான் மோசமாகப் படுக்கும். அதிகம் தின்றது தெரிந்தால், மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில், 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கொடுக்கலாம். முகவாயைக் கண் மட்டத்துக்கு மேல் தூக்கக்கூடாது, நாக்கைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இது முதலுதவிதான். அறிகுறி வரும் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தையில் செவ்வாய்க்கிழமை வாங்கிய மாட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. விற்றவர் சொன்ன பால் கிடைக்க வேண்டும் என்று முதல் நாளே ஐந்து கிலோ கலப்புத் தீவனம் வைத்து, புதன்கிழமை மாடு படுத்துவிட்டது என்று நிற்பார்கள். விலை பேசும்போதே “என்ன தீனி போட்டீங்க, எவ்வளவு?” என்று கேளுங்கள். முடிந்தால் அதில் ஒரு மூட்டை சேர்த்து வாங்கிவந்து, அதோடு உங்கள் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். முதல் இரண்டு மூன்று வாரமும் புது மாட்டைத் தனியாகவே கட்டுங்கள். கோமாரி, தோல் கழலை, உண்ணிக் காய்ச்சல் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும்.