வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?

பைக் வாங்கிப் பதினோரு மாதம். ஓடோமீட்டரில் 2,100 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் முதல் சர்வீஸுக்கு மட்டும் முத்திரை. இன்ஜினில் சத்தம் வந்ததும் "வாரண்டியில போட்டுக் கொடுங்க" என்று சர்வீஸ் மையத்துக்கு வருகிறார்கள். தேதியைக் காட்டினால் தலைப்பில் உள்ள கேள்விதான் பதில். இந்த வாரமும் ஒருவர் கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சர்வீஸ் அட்டவணையில் கிலோமீட்டர் ஒரு பக்கம், நாள் ஒரு பக்கம் இருக்கும். நடுவில் "எது முதலில் வருகிறதோ" என்று அச்சிட்டிருக்கும். முதலில் வருவது என்றால் முதலில் வருவதுதான். உங்கள் புத்தகத்தில் 3,000 கிலோமீட்டர் அல்லது 90 நாள் என்று இருந்தால், 90-ஆம் நாளில் வண்டி 400 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் சர்வீஸ் வந்துவிட்டது. "இன்னும் 2,600 பாக்கி" என்று கணக்குப் போடாதீர்கள். இது ரீசார்ஜ் பேலன்ஸ் அல்ல. குறைவாக ஓடும் வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கிலோமீட்டர் போய் அணைத்தால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் பால் டீ நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். வாரண்டி கேட்டு நீங்கள் கொடுக்கும் கிளெய்மைப் பரிசீலிப்பவர் உங்கள் வண்டியை நேரில் பார்ப்பதே அரிது. அவர் முன்னால் இருப்பவை இரண்டே கட்டங்கள், தேதியும் கிலோமீட்டரும்.

இலவச சர்வீஸைத் தவறவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். கூலிதான் இலவசம், ஆயிலுக்கு எப்படியும் காசு. அதைத் தவிர்த்து 400 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் போனால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாகச் சிலர், எங்கே சர்வீஸ் செய்தாலும் வாரண்டி உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த சட்டத்தோடு வருகிறார்கள். 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக வணிகத்தில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு போட்டது உண்மை. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது அது. ஆனால் அது கார்களைப் பற்றிய உத்தரவு, நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. உங்கள் பைக்கின் வாரண்டி அட்டையில் அட்டவணைப்படியான சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் செய்ய வேண்டும் என்று இருந்தால், வாரண்டிக் காலம் முடியும்வரை அதை மதித்துவிடுங்கள். வழக்காடிப் பார்க்க உங்கள் கியர்பாக்ஸ்தானா கிடைத்தது?

இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில் உரிமையாளரே செய்யலாம் என்று மேனுவல் சொல்லும் வேலைகள் நிறைய உண்டு. அவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். செய்யாமல் விடுவதுதான் பிரச்சினை.

ஆயில் அளவு பார்ப்பதில் தொடங்கலாம். மெயின் ஸ்டாண்டு போட்டு, 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். 2, 3 நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். சில வண்டிகளில் அதை முறுக்காமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முறுக்கிப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு பொய் சொல்லும். ஊற்றும் அளவு மேனுவலில் இரண்டு விதமாக இருக்கும்: வடித்து மாற்றும்போது ஒன்று, இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது ஒன்று. உங்களுக்கானது முதல் அளவு, அது குறைவாக இருக்கும். வாங்கிய டப்பா வீணாகக் கூடாதென்று முழுதும் ஊற்றினால், மிகுந்த ஆயில், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டரில் போய் நிற்கும்.

கியர் பைக்குக்கு ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் நனைகின்றன. மீந்த கார் ஆயிலை ஊற்றி கிளட்ச் வழுக்கினால் அது உங்கள் செலவு. எம்.பி. ரகம் பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டரின் பின்சக்கரப் பக்கம் கியர் ஆயில் தனியாக இருப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைப் பலம் காட்டி இறுக்காதீர்கள். போல்ட் இரும்பு, இன்ஜின் அலுமினியம். மரை போவது இன்ஜினில்தான். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள், பல சிறிய பைக்குகளுக்கு அது 24 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை 90 நம்பர் கியர் ஆயில் போதும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே போடுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசரில் ஊதும் முன் அது எந்த ரகம் என்று பாருங்கள். எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டரை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான்.

வயரிங்? தயவுசெய்து தொடாதீர்கள். ஹாரனுக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் வயரை வெட்டி டேப் சுற்றிய இடத்தை எங்கள் கண் பத்து வினாடியில் பிடித்துவிடும். அதன் பிறகு பேட்டரி, மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. எது போனாலும் அந்த டேப்பைத்தான் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் சைலன்சரை மாற்றி, எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க சென்சார் வயரைக் கழற்றியவர்களுக்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 10 ஆம்பியரே போடுங்கள், சிகரெட் தாள் அல்ல.

நீங்களே செய்த வேலைக்கு ஆதாரம் வையுங்கள். ஆயில், ஃபில்டர் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். அதில் ஆயில் கிரேடும் வண்டி எண்ணும் இருக்கட்டும். அன்றைய ஓடோமீட்டரையும் டப்பாவின் பேட்ச் எண்ணையும் படம் எடுங்கள். ஷோரூமில் வேலைப் பதிவுச் சீட்டான ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே அதில் ஏறியிருக்க வேண்டும். வாரண்டிக் காலத்தில் மூன்று முறை சொன்ன சத்தம் ஒருமுறைகூடப் பதிவாகாமல், முடிந்த மறுவாரம் "புதுப் புகார்" ஆவது இப்படித்தான்.

பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, கேபிள், பல்பு போன்ற தேய்மானப் பொருட்களுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்தான் பொறுப்பு. இவற்றுக்காகக் கவுன்டரில் இருக்கும் பெண்ணைத் திட்டாதீர்கள்.

நியாயமான கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பழுதான பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். "கம்பெனியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்ற வாய்வார்த்தையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஜாப் கார்டு நகல்கள், பில்கள், ஓடோமீட்டர் படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் புகாரோடு இணையுங்கள்.