கதவு யார் சொல்லைக் கேட்கும்?

தீப்பிடித்த நேரத்தில் மாடிப்படிக் கதவு எப்படி இருக்க வேண்டும்? காவல் பொறுப்பில் இருப்பவர், பூட்டியிருக்க வேண்டும் என்பார். களேபரத்தில் வேண்டாதவர் யாரும் உள்ளே புகுந்துவிடக் கூடாது. தீயணைப்பு வீரர், தள்ளினால் திறக்க வேண்டும் என்பார்; உள்ளே சிக்கியவர் வெளியே வந்தாக வேண்டும். காற்றோட்டத்தைக் கவனிக்கும் பொறியாளரோ, திறக்கட்டும், ஆனால் உடனே மூடிக்கொள்ளவும் வேண்டும் என்பார். இல்லாவிட்டால் படிக்கட்டு முழுக்கப் புகை ஏறிவிடும்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய கட்டடங்களில் இந்த மூவரும் மூன்று தனித்தனிக் கணினி அமைப்புகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்துக் கதவு திறக்கும் அமைப்பு ஒன்று. தீ எச்சரிக்கைப் பலகம் ஒன்று. ஏசி, விசிறி, பம்பு எல்லாவற்றையும் ஆளும் கட்டட மேலாண்மை அமைப்பு ஒன்று. கேமரா, லிஃப்ட், ஜெனரேட்டர் கணக்கு தனி. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஒப்பந்ததாரர் வேறு வேறு ஆண்டில் பொருத்தியிருப்பார். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஐந்தாறு திரைகளை மாறி மாறிப் பார்த்து, இவற்றுக்கு இடையிலான தொடர்பைத் தன் தலைக்குள்ளேயே முடிச்சுப் போட வேண்டியிருக்கும். அந்த முடிச்சைப் போடும் வேலையை ஒரே மென்பொருளிடம் ஒப்படைப்பதைத்தான் ஒருங்கிணைப்பு என்கிறோம். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுவது அதில் மிக எளிதான பகுதி.

முதல் சிக்கல், கருவிகள் பேசும் மொழி. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக 1979-இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய மோட்பஸ் என்ற மொழி இன்றும் குளிரூட்டும் இயந்திரங்களிலும் மின்மானிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கருவியிடம் கேட்டால் 16 பிட் எண் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். 231 என்று பதில் வந்தால் அது 23.1 டிகிரியா, 231 வோல்ட்டா என்று கருவி சொல்லாது. கையேட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடக் கருவிகளுக்கென ஒரு பொதுமொழி வேண்டும் என்று 1987-இல் தொடங்கிய முயற்சி 1995-இல் பேக்நெட் என்ற தரநிலையாக வெளிவந்தது. இதில் ஒவ்வொரு சென்சாரும் ஒரு பொருளாக நிற்கும்: பெயர், அலகு, இப்போதைய மதிப்பு, பழுதா இல்லையா என்ற நிலை எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். வலையில் “யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “நான் இருக்கிறேன்” என்று கருவிகள் பதில் சொல்லும். நெறிமுறையிலேயே அந்தச் செய்திகளுக்கு அதுதான் பெயர். கேமராக்களுக்கு இப்படியொரு பொதுமொழி வர 2008 ஆயிற்று. ஆக்ஸிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஆன்விஃப் அமைப்பைத் தொடங்கின.

ஒருங்கிணைக்கும் தளம், அதாவது முன்பு சொன்ன அந்த ஒரே மென்பொருள், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் தன் பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மொழி புரிந்த பிறகும் பெயர்ச் சிக்கல் தீராது. தரைத்தளத்தை ஓர் அமைப்பு 0 என்று எண்ணும், இன்னொன்று 1 என்று எண்ணும். தீப்பலகம் சொல்லும் ஏழாவது தளம், கேமராவுக்கு ஆறாவது தளம். ஆபத்து நேரத்தில் ஆளைத் தவறான மாடிக்கு அனுப்ப இந்த ஒன்று போதும். பிரிக், ஹேஸ்டாக் போன்ற பெயரிடல் முறைகள் இதற்காகவே வந்தவை. ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும். இந்த வேலையில் மிகவும் பொறுமை கேட்கும் பகுதி இதுவே.

அடுத்தது கடிகாரம். சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி தப்பும். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 50 விநாடி. ஒருவர் அட்டையைக் காட்டி உள்ளே போக, அவர் பின்னாலேயே இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நுழைந்தார் என்று வையுங்கள். அட்டை அமைப்பின் நேரத்துக்கும் கேமராவின் நேரத்துக்கும் 50 விநாடி இடைவெளி இருந்தால், அந்த நொடியின் காட்சி என்று தளம் எடுத்துத் தருவதில் காலி நடைபாதைதான் இருக்கும். எனவே எல்லாக் கருவிகளும் ஒரே நேரச் சேவையகத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்த என்டிபி நெறிமுறை இதைச் செய்கிறது.

பெயரும் நேரமும் ஒத்துவந்த பிறகுதான் தளத்தால் யோசிக்க முடிகிறது. கதவு திறந்தது, அட்டை காட்டப்படவில்லை, உட்புறத்தில் வெளியேறுவோரைக் கவனிக்கும் சென்சாரும் யாரையும் பார்க்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரணச் செய்திகள். சேர்த்துப் பார்த்தால், கதவு வெளியிலிருந்து பலவந்தமாகத் திறக்கப்பட்டிருக்கிறது. காவலருக்கு ஒரே எச்சரிக்கை போகும், பதிவிலிருந்து சில விநாடி முந்தைய காட்சியோடு. ஒற்றை எச்சரிக்கை என்பது முக்கியம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்காக எழுதப்பட்ட ஈமுவா 191 வழிகாட்டி, ஒருவர் சமாளிக்கக்கூடியது சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கை என்கிறது. ஒரு மின்தடை வந்தால் நூறு கருவிகள் ஒரே நேரத்தில் அலறும். அந்த நூறுக்கும் காரணம் ஒன்றே என்று தளம் சொல்லாவிட்டால், ஐந்து திரைகளின் குழப்பம் ஒரே திரைக்கு இடம்பெயர்ந்ததாகவே ஆகும்.

யார் சொல்லைக் கேட்பது என்ற தொடக்கக் கேள்விக்கு பேக்நெட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விடை இருக்கிறது. கட்டளை ஏற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 16 படிகள் கொண்ட ஓர் ஏணி உண்டு. உயிர்காப்புக்காக மனிதர் கைப்பட இடும் கட்டளை எல்லாவற்றுக்கும் மேலான முதல் படி. உயிர்காப்புக்காகத் தானாக வருவது இரண்டாவது. இயக்குபவரின் வழக்கமான கட்டளை எட்டாவது. நேர அட்டவணை போன்றவை அதற்கும் கீழே. புகை வெளியேற்றும் விசிறியை அட்டவணை நிறுத்தச் சொல்கிறது, இயக்குபவரும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தீ அமைப்பு இரண்டாம் படியில் “ஓடு” என்று எழுதினால் விசிறி ஓடும். ஆபத்து நீங்கித் தீ அமைப்பு தன் கட்டளையை விலக்கிக்கொண்டதும், கீழே காத்திருந்த கட்டளை தானாக மேலெழும். எதுவும் அழிக்கப்படுவதில்லை. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: எட்டாம் படியில் எதையாவது எழுதிவிட்டு விலக்கிக்கொள்ள மறந்தால், அட்டவணை மாதக்கணக்கில் வீணாகக் கூவிக்கொண்டிருக்கும். ஏசி ஏன் இரவெல்லாம் ஓடுகிறது என்று தேடிப்போனால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மாடிப்படிக் கதவை மென்பொருள் கையில் கொடுக்கக் கூடாது. அங்கே இரண்டு வகைக் காந்தங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் கதவைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும் காந்தம். மற்றது, கதவைப் பூட்டிவைத்திருக்கும் காந்தம். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். தீப்பலகத்தின் ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்) அந்த மின்சாரத்தைத் துண்டித்ததும், முதல் காந்தம் விட்டுவிட, திறந்திருந்த கதவு சுருள்வில்லின் விசையால் மூடிக்கொள்கிறது. இரண்டாவது காந்தம் விட்டுவிட, பூட்டியிருந்த கதவு தள்ளினால் திறக்கிறது. ஒரே கம்பி அறுபட்டதில் தீயணைப்பு வீரர் கேட்டதும் பொறியாளர் கேட்டதும் கிடைத்துவிட்டன. காவலரின் கவலைக்கு, பூட்டு விடுபட்ட கதவுகளை நோக்கிக் கேமராவைத் திருப்பிக் காட்டுவது தளத்தின் வேலை. தளத்துக்கு இங்கே செய்தி மட்டும் போகிறது, அதிகாரம் போவதில்லை.

இணைப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் முதலில் நுழைந்தது, குளிர்பதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாக. பழைய மோட்பஸ் யார் கட்டளையிடுகிறார் என்று கேட்பதே இல்லை. பல கார்டு ரீடர்களில் இன்னும் இருக்கும் வீகண்ட் இணைப்பு, அட்டை எண்ணை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமலே கம்பியில் அனுப்புகிறது. இவற்றைப் பொது வலையிலிருந்து பிரித்துத் தனி வலைகளில் வைத்து, நடுவில் காவல் போட்டுத்தான் தளத்தோடு சேர்க்க வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் கார்டு ரீடர்களுக்கு மறையாக்கம் உள்ள ஓஎஸ்டிபி இணைப்பு, பேக்நெட்டின் பாதுகாப்பு வடிவம் இரண்டையும் கேட்டு வாங்கலாம்.

ஒப்படைக்கும் நாளில் வண்ணத் திரைகளைப் பார்ப்பதற்கு முன், மையச் சர்வரை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டடத்தைச் சுற்றி நடந்துவாருங்கள். கதவருகே உள்ள கன்ட்ரோலர், தன்னிடம் உள்ள அட்டைப் பட்டியலைப் பார்த்துத் திறக்க வேண்டும். ஏசி தன் அட்டவணைப்படி ஓட வேண்டும். தீப்பலகத்தைச் சோதனையில் போட்டால் காந்தங்கள் விட வேண்டும், லிஃப்டுகள் குறித்த தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். சர்வரை மறுபடி இயக்கியதும், அது இல்லாதபோது நடந்தவை அனைத்தும் சரியான நேரக்குறிப்போடு, சரியான தள எண்ணோடு ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்து சேர வேண்டும்.