உந்து பிறழ்வு: இங்கே ஓட்டுநருக்கு என்ன வேலை?

மூளைக்கட்டி மருத்துவம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘ஓட்டுநர் மரபணு மாற்றம்’ என்ற தொடர் மீண்டும் மீண்டும் தென்படுகிறது. டிரைவர் மியூட்டேஷன் என்ற ஆங்கிலத் தொடருக்கு அது ஈடாகாது. உயிரணுவைக் கட்டுப்பாடின்றிப் பெருகவைத்துக் கட்டியை வளர்க்கும் மரபணுப் பிழையே அப்பெயரால் குறிக்கப்படுகிறது. மியூட்டேஷன், ‘மாறு’ எனப் பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்த சொல்.

டிரைவ் என்ற ஆங்கில வினைக்கு வண்டி ஓட்டுதல், உந்துதல் ஆகிய இரு பொருள்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டார். பெறுநர், அனுப்புநர் போன்ற சொற்களில் ‘நர்’ விகுதி ஆளையே சுட்டும். ஓட்டுநர் விரும்பினால் நிறுத்துவார். மரபணுப் பிழையால், உயிரணுப் பெருக்கத்துக்குச் சமிக்ஞை தரும் பிராஃப் (BRAF) புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமர்ந்துவிட்டாலோ, வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் வராமலேயே அப்புரதம் ‘பெருகு’ என்னும் சமிக்ஞையை ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கும். நிறுத்துவதற்கு அங்கே ஆளில்லை என்பதுதான் சிக்கலே. டாப்ராஃபெனிப், டிரமெட்டினிப் ஆகிய இரு மருந்துகளும் சேர்ந்து தடுப்பது அந்தச் சமிக்ஞைப் பாதையைத்தான். இப்பிறழ்வுள்ள, வீரியம் குறைந்த கிளையோமா என்னும் மூளைக்கட்டி கொண்ட குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 2023இல் அக்கூட்டு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

கட்டியில் காணப்பட்டாலும் அதன் வளர்ச்சிக்குக் காரணமாகாத பிழைகளை ஆங்கிலத்தில் பாசெஞ்சர் என்பதால், ஓட்டுநர்–பயணி என்ற இணை பொருத்தமானதே எனச் சிலர் வாதிடுவர். இணை அழகுதான். ஆயினும் ‘பயணி மரபணு மாற்றம்’ என்று படிப்பவர், ஏதோ ஒன்று மூளையிலிருந்து உடலின் வேறு பகுதிக்குப் பரவுகிறது என்றல்லவா அஞ்சுவார்? போதாக்குறைக்கு, ‘மரபணு மாற்றம்’ என்றதும் ஆய்வகத்தில் மனிதர் வேண்டுமென்றே மாற்றிய பயிர்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்களின் ‘சடுதிமாற்றம்’ தவறில்லை. ஆனால் அது திடீரென நிகழ்வதைச் சொல்கிறதே அன்றிப் பிழையைச் சொல்லவில்லை.

ஆகவே ‘உந்து பிறழ்வு’ என்பதே என் தேர்வு. உந்துவிசை போல இதுவும் வினைத்தொகை. ஆளைக் காட்டாது, செயலைக் காட்டும். இதன் இணையை ‘உடன்வரு பிறழ்வு’ எனலாம்.

இவற்றைவிடப் பொறுக்க முடியாதது, மரபணுப் பிறழ்வால் உண்டாகும் கட்டியைப் ‘பரம்பரைக் கட்டி’ என்று எழுதுவது. 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வொராசிடெனிப் என்ற மூளைக்கட்டி மருந்து குறிவைக்கும், ஐடிஎச் (IDH) மரபணுக்களின் பிறழ்வுகள் பொதுவாகப் பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. வாழ்நாளில் மூளையின் உயிரணுக்களில் தோன்றுபவை. பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் போன்ற சில நோய்களில் மட்டுமே பிறழ்வு பெற்றோர்வழி வரக்கூடும். அவற்றிலும் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது உண்டு.