ஹிஸ்டரிசிஸ்: தயக்கமா, பின்தங்கலா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் பொறியியல் மாணவர் ஒருவர் காட்டிய தமிழ்ப் பாடக்குறிப்பில் ‘நிலநடுக்கத்தில் எஃகு மூட்டின் தயக்கம்’ என்று ஒரு தலைப்பு. ஹிஸ்டரிசிஸ் என்பதற்குத் தமிழில் வைத்த பெயர் அது. பள்ளி இயற்பியலின் காந்தப் பாடத்திலிருந்தே இந்தத் தயக்கம் நம்மைத் துரத்துகிறது. போதும்.

ஹிஸ்டரிசிஸ், பின்தங்குதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். ஹிஸ்டரிக்கும் இதற்கும் உறவில்லை. 1880களின் தொடக்கத்தில் அறிவியலுக்கு இதைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங், அப்போது டோக்கியோவில் பேராசிரியர். காந்தத்தோடு நில அதிர்வுமானிகளையும் ஆராய்ந்தவர். வேர்க்கதை இவ்வளவுதான்.

தயங்குகிறவன் இன்னும் காரியத்தில் இறங்காதவன். எஃகு மூட்டோ இறங்கிவிட்டது. உத்தரம் தூணோடு சேரும் இடத்தைப் பலமாக வளைத்துவிட்டு விசையை எடுத்துவிடுங்கள். வளைவு முழுதாக நிமிராது. எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் நிமிரும். விசை முன்னே போக, வளைவு பின்தங்குகிறது. போன தடம் வேறு, வந்த தடம் வேறு என்பதால், விசையையும் வளைவையும் குறிக்கும் வரைபடத்தில் ஒரு கண்ணி விழுகிறது. அதன் பரப்புதான் அந்தச் சுற்றில் மூட்டு விழுங்கிய ஆற்றல். கண்ணி அருமையான சொல். வலை பின்னும் இந்தக் கடற்கரைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அதன் தலையில் தயக்கத்தைக் கட்டியதுதான் கொடுமை.

தமிழில் தயக்கம் ஒரு குறை. இங்கே கண்ணி கொழுத்திருந்தால் மூட்டு நல்ல மூட்டு. போல்ட் நழுவினால் கண்ணியின் இடுப்பு ஒடுங்கும். அமெரிக்காவில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் பல எஃகுக் கட்டடங்களில் உத்தரத்தின் அடித்தகட்டைத் தூணோடு இணைக்கும் பற்றவைப்புகள் விரிசல் விட்டன. கண்ணி விரியவே இடம் கிடைக்கவில்லை. ஒடுக்கத்தையும் முறிவையும் சேர்க்காத கணக்கீடு, திரையில் கொழுத்த கண்ணியைக் காட்டி ஏமாற்றும். ‘தயக்கம் அதிகம்’ என்று படித்த மாணவர் அதை நல்லது என்பாரா, கெட்டது என்பாரா?

பின்தங்கல் மட்டும் பெருமையா என்பார்கள். ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று கேட்டே வளர்ந்த ராமநாதபுரத்துக்காரனுக்கு அந்தச் சங்கடம் தெரியாதா? ஆனால் எதற்குப் பின்னே என்று கேட்டால் ‘விசைக்கு’ என்று பதில் இருக்கிறது. எதற்குத் தயக்கம் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத்தான் காட்டுவார். ஆகவே பின்தங்கல், வரைபடத்துக்குப் பின்தங்கல் கண்ணி.

அதே குறிப்பில் இன்னொரு வரி: ‘மூட்டு கணினி மாதிரி துல்லியமாக நடந்துகொள்கிறது.’ கணினியைப் போலவா, கணினியில் அமைத்த மாடல் என்ற மாதிரியா? மாணவர் முன்னதைத்தான் புரிந்துகொண்டிருந்தார். மாதிரியுரு என்று எழுதினால் கை வலித்துவிடுமா?