மெசியா, கிறிஸ்து: பொருளும் தமிழ்ச் சொல்லும்

கிறிஸ்து என்பது ஒரு பட்டப்பெயர். கடவுள் என்றோ மீட்பர் என்றோ பலர் நினைப்பதுபோல் அதற்கு நேர்ப்பொருள் இல்லை. எபிரேயத்தில் ‘மாஷக்’ என்றால் எண்ணெய் பூசுவது. அப்படிப் பூசப்பட்டவர் ‘மாஷியாக்’. அரமேயத்தில் அது ‘மெஷிஹா’ ஆனது, கிரேக்கர் அதை ‘மெசியாஸ்’ என்று எழுதினார்கள். கிரேக்கத்திலேயே பூசுவதற்கு ‘கிரியோ’ என்ற வினை உண்டு. அதிலிருந்து வந்தது ‘கிறிஸ்டோஸ்’. ஆக, மெசியா ஒலிபெயர்ப்பு, கிறிஸ்து மொழிபெயர்ப்பு. பொருள் ஒன்றுதான். யோவான் நற்செய்தியில் (1:41) அந்திரேயா தன் சகோதரர் சீமோனிடம் “மெசியாவைக் கண்டோம்” என்கிறார். உடனே நற்செய்தியாளரே அந்தச் சொல்லுக்கு விளக்கமும் தந்துவிடுகிறார்.

ஏன் எண்ணெய்? பழைய இஸ்ரயேலில் ஒருவரை அரசராக்குவது என்றால் அவர் தலையில் எண்ணெய் வார்ப்பது. சாமுவேல் சவுலுக்கும், பின்னர் தாவீதுக்கும் அப்படிச் செய்தார். குருக்களுக்கும் இது உண்டு. ஆலயப் பணிக்கான எண்ணெயின் செய்முறையே விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, அவற்றோடு ஒலிவ எண்ணெய். அதே கலவையை வீட்டு உபயோகத்துக்குச் செய்வதற்கும் அங்கே தடை. எண்ணெய் பட்டவர் கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டவர் ஆகிவிடுவார். அதனால்தான், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ஏன்கேதிக் குகையில் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றபோதும் தாவீது அவருடைய மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டார். ஆண்டவரின் மாஷியாக் மேல் கை வைக்க மாட்டேன் என்றார். சவுலும் ஒரு மெசியாதான்!

இதைவிட வியப்பு எசாயா 45:1. பாபிலோனை வென்ற பாரசீக மன்னர் கோரேசுவை (சைரசு) அந்த வசனம் மாஷியாக் என்கிறது. அவர் யூதரே அல்லர். சிறைப்பட்ட யூதர்களை ஊருக்கு அனுப்பியவர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இந்தச் சொல்லுக்குள் தெய்வத்தன்மை ஏதும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தாவீதின் அரச வம்சம் பாபிலோனியரிடம் எருசலேம் வீழ்ந்ததோடு முடிந்தது. அதற்கப்புறம் இந்தச் சொல் வரப்போகிறவரை நோக்கித் திரும்பியது. எதிர்பார்ப்பு எல்லாரிடமும் ஒரே மாதிரி இல்லை. சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுவடிகளான கும்ரான் சுருள்களில் ஒன்று ஆரோனின் மெசியா, இஸ்ரயேலின் மெசியா என்று குருவாக ஒருவர், அரசராக ஒருவர் என இருவரை எதிர்பார்க்கிறது.

சரி, இயேசு கடவுள் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ‘கிறிஸ்து’ என்ற சொல்லிலிருந்து அல்ல. இயேசுவை ‘வாக்கு’ என்று குறித்து “வாக்கு கடவுளாயிருந்தது” என்னும் யோவானின் முதல் வசனம், “என் ஆண்டவரே, என் கடவுளே” என்ற தோமாவின் அறிக்கை, பவுலின் கடிதங்களில் இயேசுவுக்கு வழங்கும் ‘ஆண்டவர்’ என்ற சொல் ஆகியவைதான் அதன் வேர்கள். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், மகன் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுசை மறுத்து, மகன் தந்தையோடு “ஒரே பொருளானவர்” என்று அறிக்கையிட்டது. 451இல் கால்சிதோன் சங்கம், ஒரே ஆளில் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் இருப்பதாகச் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கு இயேசு மெசியாவும்தான், இறைமகனும்தான். ஆனால் இவை இரண்டு அறிக்கைகள். ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்கப் பார்ப்பதால் எத்தனையோ சமய விவாதங்கள் தடம் மாறிப்போகின்றன. முஸ்லிம்கள் ஈசா நபியை மஸீஹ் என்று மதிப்போடு அழைக்கிறார்கள், ஆனால் கடவுள் என்று ஏற்பதில்லை. மஸீஹ் என்பது மாஷியாக்கின் அரபு வடிவம்.

‘மெசியா’ என்றால் மீட்பர் என்று எழுதுவதும் பரவலான பிழை. மீட்பு என்ற பொருள் ‘இயேசு’ என்ற பெயரில்தான் இருக்கிறது. அதன் எபிரேய மூலமான ‘யேசுவா’ ஆண்டவர் மீட்கிறார் என்ற பொருளில் வருவது.

இனி தமிழுக்கு வருவோம். சீர்திருத்தச் சபைகளின் பழைய வேதாகமம் ‘மேசியா’ என்று நெடிலில் எழுதும். விளக்கம் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்’. பட்டாபிஷேகம் தெரிந்த நமக்கு இந்தச் சொல் அரசரை நினைவூட்டும்; அந்த வகையில் பொருத்தம்தான். ஆனால் அபிஷேகம் என்றதும் முதலில் மனதில் வருவது கோயில் மூர்த்திக்குச் செய்வது. வேதாகமம் தெரியாத வாசகர் அங்கே தெய்வத்தன்மையை ஏற்றிப் படித்துவிட வாய்ப்பு இருக்கிறது. அபிஷேகத்துக்குத் தமிழில் வழங்கும் திருமுழுக்கும் உதவாது. ஞானஸ்நானத்துக்கே அந்தச் சொல் வந்துவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘மெசியா’ என்று குறிலில் எழுதி, ‘திருப்பொழிவு’, ‘அருள்பொழிவு’ ஆகிய சொற்களைப் பயன்படுத்துகிறது. அருள்பொழிவு அழகான சொல், ஆனால் அதில் எண்ணெய் மறைந்துவிடுகிறது. கத்தோலிக்கரின் சடங்குகளான ‘உறுதிபூசுதல்’, ‘நோயில் பூசுதல்’ இரண்டின் பெயரிலும் மூல வினை அப்படியே இருக்கிறது. உறுதிபூசுதலில் நெற்றியில் இடும் ‘கிறிஸ்மா’ எண்ணெயின் பெயரும் கிறிஸ்துவின் அதே வேர்தான்.

பெயராக வரும் இடத்தில் ‘கிறிஸ்து’ என்றே விடலாம். யூத எதிர்பார்ப்பைப் பேசும்போது ‘மெசியா’. பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் என் தேர்வு ‘திருப்பொழிவு பெற்றவர்’. முதல் முறை வரும்போது மட்டும் ‘எண்ணெய் பூசப்பட்டவர்’ என்றும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.