கண்டு அவிழும் விதம்

நூல் சுற்றிய உருளைக்குத் தமிழில் ஒரே பெயர் கிடையாது. கடையில் வாங்கும்போது நூல்கண்டு. அதே நூலைத் தறிக்காரர் சின்னக் குச்சியில் சுற்றி, தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவுக்குள் வைத்தால் தார். தையல் மெஷினின் அடியில் ஒளிந்திருந்தால் பாபின். பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த மூன்றிலும் நூல் அவிழ்கிற கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது.

நூல் அவிழ இரண்டே வழி. உருளை சுழன்று நூலைப் பக்கவாட்டில் விடலாம். அல்லது உருளை அசையாமல் நிற்க, நூல் அதன் நுனி வழியாகக் கழன்று வரலாம். ஒரு பேனாவில் ரிப்பனை நாலு சுற்று சுற்றுங்கள். பேனாவை உருட்டி அவிழ்த்தால் ரிப்பன் தட்டையாக வரும். பேனாவை ஆடாமல் பிடித்து, நுனிப் பக்கமாக ரிப்பனை உருவுங்கள்: நாலு முறுக்கு ஏறியிருக்கும். சுற்றுக்கு ஒரு முறுக்கு, கணக்கு தப்பாது. வளையமாகக் கிடக்கும் தோட்டத்து ரப்பர் குழாயை முனையைப் பிடித்து இழுத்தால் மடங்கி மடங்கித் தண்ணீர் அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

அப்படியிருந்தும் தறியின் நாடாவுக்குள் தார் சுழலாமல்தான் நிற்கிறது. ஜான் கே 1733-இல் காப்புரிமை பெற்ற விசை நாடா, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களின் குறுக்கே பாய்ந்து, மோதி நின்று, உடனே திரும்பும். அதற்குள் இருக்கும் தார் சுழல வேண்டியிருந்தால், கிளம்பும்போது வெடுக்கென்று இழுபட்டு நூல் அறும். நாடா நின்ற பிறகும் தார் சுழன்றுகொண்டே நூலைக் கொட்டிவிடும். முறுக்கு ஏறுவது அதைவிடச் சின்னத் தொல்லை. தார் 2 செ.மீ. தடிமன் என்றால் ஒரு சுற்று 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். சுற்றிய திசையைப் பொறுத்து மீட்டருக்கு 16 முறுக்குபோலக் கூடும், அல்லது குறையும். நூற்கும்போதே மீட்டருக்குப் பல நூறு முறுக்கு ஏறிய நூலுக்கு இது ஒரு பொருட்டில்லை.

சரி, பாபின் ஏன் அவ்வளவு குட்டியாக இருக்கிறது? மேலே பெரிய கண்டு நிற்க, கீழே மட்டும் எதற்குக் கஞ்சத்தனம்?

மெஷின் ஊசிக்குக் காது நுனியருகே இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி லேசாக ஏறத் தொடங்கும் நொடியில், அதன் பின்புறம் நூல் ஒரு சிறு கண்ணியாகப் பிதுங்கும். அடியில் சுழலும் கொக்கி அந்தக் கண்ணியைக் கவ்வி, விரித்து, பாபின் முழுவதையும் சுற்றிக் கொண்டுபோய் விடும். அப்புறம் மெஷினின் மேலே ஏறி இறங்கும் ‘நூல் தூக்கி’ என்ற கை அதை இழுத்து இறுக்க, இரண்டு நூலும் துணிக்கு நடுவே பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் பாபினை ஒருமுறை வலம் வந்தாக வேண்டும். பாபின் பெரிதானால் கண்ணியும் பெரிதாக வேண்டும். அவ்வளவு நூலும் ஊசிக்காதில் உரசிக்கொண்டு மேலும் கீழும் போய்வர வேண்டும். இப்போதே ஒரே துண்டு நூல் பலமுறை அப்படிப் போய்வந்த பிறகுதான் தையலில் உட்கார்கிறது.

அதனால்தான் பாவாடையின் கரை ஒரு சாண் மிச்சமிருக்கையில் பாபின் தீர்ந்துவிடுகிறது. மெஷின் என்னவோ அதே சத்தத்தோடுதான் ஓடும். துணியைத் தூக்கிப் பார்த்தால் வெறும் ஊசித் துளைகள்.